இடிக்கிற சீனுக்கு எங்கள் கொட்டகை வேண்டாம்

எங்கள் பக்கம் படம் எடுக்க வருகிற தயாரிப்பாளர்கள், இயக்குநர்கள், கலை இயக்குநர்கள், அவர்களுக்கு லொகேஷன் பார்த்துக் கொடுக்கிற மேனேஜர்கள் எல்லோருக்கும்,

உங்களில் ஒரு கம்பெனி வருகிற ஆவணியில் எங்கள் ஊர்ப் பழைய சினிமா கொட்டகையில் கிளைமாக்ஸ் எடுக்கப் போகிறதாம். கதைப்படி வில்லன் ஆட்கள் ஜேசிபி கொண்டுவந்து கொட்டகையை இடிக்கிறார்கள். அதை நிஜமாகவே இடித்து எடுத்தால்தான் நன்றாக இருக்கும் என்று டைரக்டர் பிரியப்படுகிறாராம். முகப்புச் சுவரும் மாடிக்குப் போகிற படிக்கட்டும் மட்டும் போதும், மற்றதைத் தொடமாட்டோம் என்று மேனேஜர் வந்து பேசிவிட்டு, அட்வான்ஸ் செக்கை மேஜைமேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கொட்டகைக்கார அண்ணாச்சி செக்கை இன்னும் வங்கியில் போடவில்லை. கையெழுத்தும் போடவில்லை. அதனால்தான் இப்போதே எழுதுகிறேன், இடித்த பிறகு எழுதி என்ன பிரயோஜனம்.

"எப்படியும் ஒரு நாள் இடிக்கப் போற கட்டடம்தானே சார்" என்று அந்த மேனேஜர் கேட்டபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். அண்ணாச்சி சொன்னார்: "எய்யா, இடிக்கணும்னா நானே இடிச்சுக்கிடுதேன். அதுக்கு எதுக்கு நீங்க மெட்ராஸ்ல இருந்து மெனக்கெட்டு வரணும்?" மேனேஜர் சிரித்தார். வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

ஊர்ப் பெயரையும் கொட்டகையின் பெயரையும் எழுதவில்லை, அண்ணாச்சி வேண்டாம் என்றுவிட்டார். சேரன்மகாதேவிக்கும் பாபநாசத்துக்கும் நடுவில், ஆற்றை ஒட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு அதுவே போதும். எண்பதுகளில் நடக்கிற கதை என்றால் உங்கள் வண்டி நேராக இங்கேதான் வந்து நிற்கிறது. நான் கொட்டகைக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். என் சித்தப்பா அங்கே ஆபரேட்டராக இருந்தவர். கட்டியது அண்ணாச்சியின் அப்பா. முகப்பில் சிமென்டில் 1958 என்று எழுதி, இரண்டு பக்கமும் மயில் வைத்திருக்கிறார்கள். ஒரு மயிலுக்குக் கழுத்து கிடையாது. அது எப்படிப் போனது என்று அப்புறம் சொல்கிறேன்.

ஷூட்டிங்கே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. நீங்கள் வந்தால் எங்கள் ஊர் மெஸ்ஸில் இலை விழுகிறது, லாட்ஜில் ரூம் நிறைகிறது, வேன் வைத்திருக்கிற பையன்களுக்கு வாடகை கிடைக்கிறது. என் கடையிலும் சீன் பேப்பர் ஜெராக்ஸ் எடுத்திருக்கிறீர்கள், காசு கொடுத்துத்தான் எடுத்தீர்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். தென்காசிப் பக்கம் சுந்தரபாண்டியபுரத்தில் 2005இல் வந்த 'அந்நியன்' படப் பாட்டுக்காகப் பாறையில் நடிகர்கள் முகத்தை வரைந்தார்கள். அதற்கு அந்நியன் பாறை என்றே பெயர் வந்துவிட்டது, அதைப் பார்க்கவென்றே குற்றாலத்துக்கு வருகிறவர்கள் வண்டியைத் திருப்புகிறார்கள். சினிமா ஓர் ஊருக்கு என்ன செய்யும் என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் அது பாறை. எவ்வளவு பெயின்ட் அடித்தாலும் தாங்கும். சுண்ணாம்புக் காரைச் சுவர் தாங்காது.

அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். கொட்டகைக்குள் இரண்டு பக்கச் சுவரும் செங்கல் கட்டு, மேலே சுண்ணாம்புக் காரை. அறுபது வருஷமாக வெள்ளையடிப்பு மட்டும்தான் கண்ட சுவர். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு யூனிட் வந்தது, கம்பெனி பெயர் வேண்டாம். அவர்கள் கதைக்குச் சுவர் பச்சையாக இருக்க வேண்டுமாம். எமல்ஷன் வாங்கிவந்து உருளையால் மளமளவென்று அடித்தார்கள். அடித்து முடித்ததும், ஐயோ ரொம்பப் புதுசாகத் தெரிகிறதே என்று அதன்மேல் டீத்தூள் தண்ணீரும் கரியும் ஊற்றி அழுக்காக்கினார்கள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நிஜமாகவே பழசாக இருந்த சுவரைப் புதுசாக்கி, அந்தப் புதுசைத் திரும்பப் பழசாக்க ஆறு பேருக்குக் கூலி.

சுண்ணாம்புச் சுவருக்கு ஈரம் உள்ளே போகவும் வேண்டும், வெளியே வரவும் வேண்டும். பிளாஸ்டிக் பெயின்ட்டைப் பூசினால் அடியிலிருந்து ஏறுகிற ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளுக்குள்ளேயே நிற்கும். எந்தக் கொத்தனாரைக் கேட்டாலும் சொல்வார். யாரும் கேட்கவில்லை. அந்த வருஷம் ஐப்பசியில் மழை பிடித்தது. கார்த்திகை முடியும்போது பச்சை பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பி, காரையையும் சேர்த்துக் கழற்றிக்கொண்டு விழுந்தது. தெற்குச் சுவரில் ஆள் உயரத்துக்குச் செங்கல் தெரிகிறது. அதற்கப்புறம் வந்த இன்னொரு யூனிட்டின் கலை இயக்குநர் அந்தச் செங்கலைப் பார்த்துவிட்டு "செம டெக்ஸ்சர்" என்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

இப்போது மயிலின் கழுத்து. ராத்திரி சீனுக்கு மேலே லைட் கட்ட வேண்டும். சாரம் கட்ட நேரமில்லை. கயிற்றை மயில் கழுத்தில் முடிச்சுப் போட்டு இழுத்தார்கள். லைட் விழாமல் தப்பித்தது, அதுவரைக்கும் சந்தோஷம். கீழே விழுந்த கழுத்தை யாரோ ஓரமாக எடுத்து வைத்திருந்தார்கள், காலையில் பேக்கப் ஆகும்போது அதுவும் குப்பையோடு போய்விட்டது. அண்ணாச்சி போன் போட்டார். "பார்த்து செட்டில் பண்ணிடலாம் சார்" என்றார்கள். இன்றுவரை பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, சுவரும் மயிலும் சிமென்ட்டும் சுண்ணாம்பும், திரும்பச் செய்துவிடலாம் என்று வைத்துக்கொள்வோம். சிலைடு டப்பாவை என்ன செய்வது?

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சிலைடு என்றால் தெரியாது, அதனால் சொல்கிறேன். உள்ளங்கை அளவுக்கு ஒரு கண்ணாடித் துண்டு, அதில் கையால் வரைந்த விளம்பரம், கலர் மையில். படம் ஆரம்பிக்கும் முன்பும் இடைவேளையிலும் திரையில் காட்டுவார்கள். எங்கள் ஊர் ஜவுளிக்கடை, நாட்டு மருந்துக் கடை, பக்கத்து ஊர் சைக்கிள் கடை என்று ஒரு பிஸ்கட் தகர டப்பா நிறைய, ஒவ்வொன்றுக்கும் நடுவில் பேப்பர் மடித்து வைத்து சித்தப்பா காப்பாற்றி வைத்திருந்தார். எல்லாம் ஊர்க்காரர் ஒருவர் வரைந்தவை. சேலையின் ஜரிகைக்கு மட்டும் தலைமுடி மாதிரி மெல்லிய கோடு இழுத்திருப்பார், திரையில் பெரிதாகும்போது ஒவ்வொரு கோடும் தனித்தனியாகத் தெரியும். அவசரத்துக்கு வேறொரு சிலைடு உண்டு. வெறும் கண்ணாடியில் மண்ணெண்ணெய் விளக்குக் கரியைப் பிடித்து, ஆணியால் கீறி எழுதினால் கருப்பில் வெள்ளை எழுத்தாகத் திரையில் வரும். "இன்னார் உடனே வீட்டுக்கு வரவும்." பிரசவமாக இருக்கும், சாவாக இருக்கும், மாடு காணாமல் போயிருக்கும். அதைப் பார்த்ததும் யாராவது ஒருவர் இருட்டில் எழுந்து வெளியே ஓடுவார், கொட்டகை முழுக்க அவரைத் திரும்பிப் பார்க்கும்.

அந்த டப்பாவை ஓர் உதவி ஆர்ட் டைரக்டர் சித்தப்பாவிடம் "தாத்தா, ரெண்டு நாள்ல தந்துடறோம்" என்று சொல்லி வாங்கிப் போனார். வரவில்லை. போன் நம்பர் உபயோகத்தில் இல்லை. அந்தப் படம் வந்தபோது பார்த்தோம், ஜவுளிக்கடை சிலைடு இரண்டு விநாடி வந்தது, சித்தப்பாவுக்கு ஒரு சின்ன சந்தோஷம்கூட. அப்புறம் வேறொரு கம்பெனியின் படம், மதுரையில் நடக்கிற கதை, அதில் ஒரு தியேட்டர் சீன். திரையில் எங்கள் பக்கத்து ஊர் சைக்கிள் கடை விளம்பரம், ஊர்ப் பெயரோடு! மதுரைக்காரன் எதற்கய்யா சைக்கிள் வாங்க இங்கே வரப் போகிறான்? ஆக டப்பா உயிரோடுதான் இருக்கிறது, சென்னையில் ஏதோ ஒரு சினிமா சாமான் வாடகைக் கடையில் இருந்துகொண்டு ஒவ்வொரு படத்துக்காகப் போய் வருகிறது, வாடகை யாருக்கோ போகிறது. இதைத் திருட்டு என்று எழுத எனக்குக் கை வரவில்லை, சித்தப்பா திருட்டு என்றுதான் சொல்கிறார்.

அவரைப் பற்றிச் சொன்னால் ஆபரேட்டர் ரூமைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே இரண்டு பழைய கார்பன் புரொஜெக்டர்கள் இன்னும் நிற்கின்றன. ஆயிரம் அடி ரீல் ஒன்று ஓடுவது பதினோரு நிமிஷம்தான். ஒரு மிஷினில் ரீல் முடியப் போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி வரும், அதைப் பார்த்து இன்னொரு மிஷினின் மோட்டாரைத் தட்ட வேண்டும், இரண்டாவது புள்ளி வந்ததும் மாற்ற வேண்டும். கீழே உட்கார்ந்திருக்கிறவனுக்கு எதுவும் தெரியக்கூடாது. அதற்கு நடுவில் கார்பன் குச்சிகள் எரிந்து தேயத் தேய இடைவெளி கூடும், கூடினால் திரை மங்கும், ஆகவே ஒரு கண் அதன்மேலும் இருக்க வேண்டும். ஆட்டம் முழுக்க இதே வேலை. உங்கள் படத்தில் ஹீரோ புரொஜெக்டர் ஓட்டுகிற சீன் எடுத்தார்கள். ஃபிலிமைப் பல்சக்கரத்தில் மாட்டாமலே சும்மா சுற்றிவிட்டார்கள். "தம்பி, அப்படி விட்டா ஃபிலிம் அறுந்து போவும்லா" என்று சித்தப்பா சொன்னார். "யாருக்கு சார் தெரியப் போகுது" என்று பதில் வந்தது. தெரிந்தவர் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, கேமராவுக்கு ஆங்கிள் கிடைக்கவில்லை என்று விளக்குக் கூண்டின் கதவைக் கட்டர் வைத்து அறுத்தார்கள். அந்த மிஷின் இனி ஓடாது.

ஓடாத மிஷின் எதற்கு என்று கேட்பீர்கள். கொட்டகையே ஓடவில்லையே என்றும் கேட்பீர்கள். உண்மைதான். 2020 மார்ச்சில் கொரோனாவுக்கு மூடினார்கள், நவம்பரில் பாதி சீட்டுக்கு அனுமதி கொடுத்து அரசு திறக்கச் சொன்னபோது திறந்தார்கள், கொஞ்ச நாள் ஓட்டினார்கள், இரண்டாம் அலைக்கு மூடியது மூடியதுதான். ஆனால் கொரோனா மட்டும் காரணம் என்று சொன்னால் பொய். ஃபிலிம் பெட்டி வருவது நின்று டிஜிட்டல் வந்தபோது அண்ணாச்சி மிஷினை வாடகைக்கு எடுத்தார். 2017 ஜூலையில் ஜிஎஸ்டியும் உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் ஒன்றாகத் தலையில் விழுந்தபோது தமிழ்நாடு முழுக்கக் கொட்டகைகளைச் சில நாள் மூடிவைத்தார்கள், எங்கள் ஊரிலும் மூடினார்கள். அடுத்த வருஷம் மார்ச்சில், படத்தைக் கொட்டகைகளுக்கு டிஜிட்டலில் அனுப்புகிற கம்பெனிகள் வாங்குகிற கட்டணம் அநியாயம் என்று தயாரிப்பாளர்களாகிய நீங்களே புதுப்படம் எதையும் வெளியிடாமல் ஏப்ரல் வரைக்கும் நிறுத்தினீர்கள். அந்த நாட்களில் எங்கள் கொட்டகை எம்.ஜி.ஆர். படம் போட்டுக் கரண்ட் பில் கட்டியது. உங்கள் நியாயத்தை நான் குறை சொல்லவில்லை. அந்தச் சண்டையில் அடிபட்டதில் இந்தச் சின்னக் கொட்டகையும் ஒன்று, அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஆட்கள் கேட்டே இருக்கமாட்டார்கள், இந்தக் கொட்டகையைத் திரும்பத் திறக்க அண்ணாச்சி முயற்சி செய்துகொண்டிருக்கிறார். பெரிய ஆசை ஒன்றும் இல்லை. பாதியைத் தடுத்துச் சின்னத் திரையாக, ஏசி போட்டு, சனி ஞாயிறு மட்டும் ஓட்டினாலும் போதும் என்று ஒரு விநியோகஸ்தரிடம் பேசியிருக்கிறார், அவரும் வந்து பார்த்துவிட்டுப் போனார். சினிமா கொட்டகைக்கு லைசென்ஸ் என்பது சும்மா கிடைப்பதில்லை. 1955ஆம் வருஷச் சட்டத்தின்படி கலெக்டர் கொடுக்க வேண்டும். கட்டடம் உறுதியாக இருக்கிறது என்று பொதுப்பணித் துறை சொல்ல வேண்டும், தீயணைப்புத் துறை சொல்ல வேண்டும், மின் ஆய்வாளர் சொல்ல வேண்டும். பாதி முகப்பை ஜேசிபியால் பெயர்த்த கட்டடத்துக்கு எந்த இன்ஜினியர் உறுதிச் சான்று எழுதுவார்? படிக்கட்டு போனால் மாடி போச்சு, ஆபரேட்டர் ரூமும் மாடியில்தான். "மற்றதைத் தொடமாட்டோம்" என்றால் என்ன அர்த்தம்? நீங்கள் தொடவே வேண்டாம், அதுவே விழுந்துவிடும்.

இன்னொன்று. கூரை பூராவும் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். சும்மா இருக்கும்வரை அது பாட்டுக்கு இருக்கும். உடைத்தால் அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் பறக்கும், சுவாசித்தால் நுரையீரலில் போய்ப் படியும், வருஷக்கணக்கில் கழித்து நோயாக, புற்றுநோயாகக்கூட வரும். முகப்புச் சுவரின் மேல்தான் கூரையின் முன்பக்கச் சட்டம் உட்கார்ந்திருக்கிறது. சுவரைத் தட்டினால் ஷீட் இறங்கும். கொட்டகையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். உங்கள் யூனிட்டுக்கு மாஸ்க் கொடுப்பீர்கள். பிள்ளைகளுக்கு?

"எங்களுக்கு வேண்டியது அந்தப் பழைய ஃபீல் சார்" என்று ஒவ்வொரு மேனேஜரும் சொல்கிறார்கள். ஃபீல் என்று நீங்கள் எடுப்பது பெரும்பாலும் விசில், சூடம், கிழித்துப் போடுகிற பேப்பர். இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது முதல் நாள் கூட்டம். மற்ற நாட்களில் இங்கே வந்தவர்கள் யார் என்று நீங்கள் ஒருவரையும் கேட்டதில்லை. வாரம் முழுக்கப் பீடி சுற்றிவிட்டு சனிக்கிழமை பீடிக்கடையில் கணக்கு முடித்துக் கூலி வாங்கி, அந்தக் காசில் மேட்னிக்கு வந்த பெண்கள்தான் இந்தக் கொட்டகையைப் பல வருஷம் தூக்கி நிறுத்தியவர்கள். தட்டையும் இலையையும் வீட்டில் வைத்துவிட்டு வந்து, படம் பார்க்கும்போதும் விரல் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும் என்று எங்கள் அம்மா சொல்லுவாள். பாபநாசம் மில்லில் ஷிஃப்ட் முடித்துவிட்டு சைக்கிளில் வருகிறவர்களுக்காக இரண்டாம் ஆட்டத்தைக் கொஞ்சம் தாமதமாகவே போடுவார்கள், அதுவரைக்கும் சிலைடு ஓடும், ரெக்கார்டு ஓடும். பெண்கள் பக்கம் தனி வாசல், தனி கவுன்டர், இரண்டுக்கும் நடுவில் இடுப்பளவு சுவர். அந்தச் சுவரைத்தான் உங்களில் ஒரு யூனிட் டிராலி போக இடைஞ்சலாக இருக்கிறது என்று ராவோடு ராவாக எடுத்தது.

அந்தப் பெண்களில் சிலர் கூட்டம் காட்டுவதற்காக உங்கள் ஷூட்டிங்குக்கும் வந்தார்கள். காலை ஏழு மணிக்கு உட்கார வைத்து ராத்திரி பத்துக்கு விட்டீர்கள். சாப்பாடு நன்றாகப் போட்டீர்கள், அதைச் சொல்ல வேண்டும். பேசிய கூலியில் பாதியை ஏஜென்ட் எடுத்துக்கொண்டார், மீதியும் எல்லோருக்கும் வரவில்லை. யாரிடம் கேட்பது என்று அவர்கள் என் கடைக்கு வந்து கேட்டார்கள், எனக்கு மட்டும் யாரைத் தெரியும்.

ஒப்பந்தத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், அதை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தவன் நான்தான். அண்ணாச்சி சொல்லித்தான் எழுதுகிறேன். ஒரே ஒரு பக்கம், இங்கிலீஷில். அதில் பாதி, இந்தக் கட்டடத்தின் படத்தை உலகம் முழுக்க, எந்த வடிவத்திலும், எக்காலத்துக்கும் நீங்கள் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பது. மீதியில் பாதி, கதைக்குத் தேவையான மாற்றங்களைக் கட்டடத்தில் செய்துகொள்ளலாம் என்பது. எதை மாற்றுவீர்கள், எப்படித் திருப்பிக் கொடுப்பீர்கள், உடைந்தால் யார் பொறுப்பு, உள்ளே இருக்கிற சாமான் என்னென்ன, ஒரு வரி இல்லை. அண்ணாச்சி தமிழ் வாசிப்பார், தினமும் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிக்கிறவர். இங்கிலீஷ் வராது. "படிச்சுச் சொல்லுடே" என்று என்னிடம் கொடுத்தார். நான் படித்துச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "இதுல நம்ம பேரு எங்கன இருக்கு?" என்றார். கடைசியில், கையெழுத்துப் போடுகிற இடத்தில் இருந்தது.

அவர் சொத்து, அவர் இஷ்டம், உனக்கென்ன என்று கேட்கலாம். கேட்டார்கள், ஊரிலேயே கேட்டார்கள். வித்துவிட்டுக் கல்யாண மண்டபம் கட்டினால் கோடி பெறும் என்று சொந்தக்காரர்கள் அவரைக் குடைந்துகொண்டுதான் இருக்கிறார்கள். மதுரையில் 1952இல் திறந்த தங்கம் தியேட்டர் எவ்வளவு பெரியது, அது இருந்த இடத்தில் இன்று ஜவுளிக்கடை. எங்கள் கொட்டகை எந்த மூலைக்கு? நாளைக்கு அண்ணாச்சியே முடிவெடுத்து விற்றால் நான் எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன், வாயைத் திறக்கமாட்டேன். ஆனால் அவர் இன்னும் அந்த முடிவுக்கு வரவில்லை. வராத முடிவை ஒரு சீனுக்காக நீங்கள் அவர் கையைப் பிடித்து எழுத வைக்கிறீர்கள். அதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

தமிழ்நாட்டில் பழைய கட்டடங்களைக் காப்பாற்ற 2012இலேயே மரபு ஆணையச் சட்டம் போட்டிருக்கிறார்கள். எங்கள் ஊர்க் கொட்டகை வரைக்கும் அது வந்து சேரும் என்ற நம்பிக்கை எனக்கு அவ்வளவாக இல்லை. அதனால்தான் அதிகாரிகளுக்கு மனு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். இந்தக் கட்டடத்துக்கு இன்றைய தேதியில் வேலை கொடுப்பவர்கள் நீங்கள் மட்டும்தான்.

கேட்பது இவ்வளவுதான்.

இடிக்கிற காட்சியை எங்கள் கொட்டகையில் எடுக்காதீர்கள். முகப்பை அளந்துகொள்ளுங்கள், போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், அண்ணாச்சி நாள் முழுக்கத் திறந்துவைக்கிறேன் என்கிறார். சென்னையில் அதே மாதிரி செட் போட்டு எத்தனை தடவை வேண்டுமானாலும் இடியுங்கள். அரண்மனையையே செட் போட்டு நம்ப வைத்த தச்சர்களும் பெயின்டர்களும் உங்களிடம் இருக்கிறார்கள், இரண்டு மயில் அவர்களுக்கு ஒரு பெரிய காரியமா. அவர்களுக்கும் நாலு நாள் வேலை.

மற்ற காட்சிகளை இங்கே எடுங்கள், தாராளமாக. ஆனால் ஒப்பந்தம் தமிழில் இருக்க வேண்டும். வருவதற்கு முன்னாலும் போகும்போதும் ஒவ்வொரு சுவரையும் இரண்டு தரப்பும் சேர்ந்து போட்டோ எடுத்து அதோடு இணைக்க வேண்டும். டிக்கெட் கவுன்டர் பலகை, பெஞ்ச், ஸ்பீக்கர் பெட்டி வரைக்கும் உள்ளே இருக்கிற சாமானுக்குப் பட்டியல் போட்டு இருவரும் கையெழுத்திட வேண்டும். பாதுகாப்பு முன்பணம் என்று ஒரு தொகை கட்டுங்கள், அதை ஷூட்டிங் முடிந்த அன்றைக்கே திருப்பிக் கேட்காதீர்கள். ஓர் ஐப்பசி கார்த்திகை மழை போகட்டும். சுவர் நின்றால் பணம் உங்களுக்கு, விழுந்தால் கொத்தனாருக்கு. நிறம் மாற்றத்தான் வேண்டும் என்றால் சுண்ணாம்பில் கலர் கலந்து அடியுங்கள். அல்லது பிளைவுட் நிறுத்தி அதில் அடியுங்கள்.

கூட்டத்துக்கு ஆள் எடுத்தால் கூலியை ஏஜென்ட் கையில் கொடுக்காதீர்கள். அன்றன்றைக்கு அவரவர் கையில் கொடுங்கள், நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். நோட்டு நான் தருகிறேன், கடையில் இருக்கிறது.

படத்தில் நன்றி கார்டு போடும்போது டீ சப்ளை செய்தவர் பெயர் வரைக்கும் போடுகிறீர்கள். கொட்டகையின் பெயரையும் ஊரின் பெயரையும் அதில் சேருங்கள். இதற்கு மட்டும் பெயர் எழுத அண்ணாச்சி சம்மதித்திருக்கிறார். இங்கே எடுத்ததில் படத்தில் சேராத காட்சிகள், கட்டடம் தெரிகிற மாதிரி உள்ளவை, ஒரு பிரதி கொடுங்கள். லைசென்ஸுக்கு இன்ஜினியர் முன்னால் காட்ட எங்களுக்கு உதவும்.

சிலைடு டப்பா. இதை வாசிக்கிற உதவி இயக்குநர்களே, ஆர்ட் அசிஸ்டென்ட்டுகளே, சாமான் வாடகைக் கடைகளுக்கு அடிக்கடி போகிறவர்கள் நீங்கள்தான். சிவப்பு தகர டப்பா, மூடியில் துரு, உள்ளே கண்ணாடிகளுக்கு நடுவில் பழைய பேப்பர் மடிப்பு. சைக்கிள் கடை சிலைடில் ஒரு பெண் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போவாள், பின்னால் பொதிகை மலை. கண்ணில் பட்டால் யார் வைத்திருக்கிறார் என்று மட்டும் சொல்லுங்கள், நாங்கள் வந்து பேசி வாங்கிக்கொள்கிறோம், சண்டைக்கு வரமாட்டோம். சித்தப்பாவுக்கு வயது எண்பதுக்கு மேல் ஆகிவிட்டது, அதனால் கொஞ்சம் சீக்கிரம்.

கடைசியாக, ஆவணி ஷூட்டிங் கம்பெனிக்கு. உங்கள் செக் அண்ணாச்சியின் மேஜை டிராயரில் அப்படியே இருக்கிறது. அதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறீர்களா, இல்லை இடிக்கிற காட்சியை நீக்கிவிட்டுப் புது ஒப்பந்தத்தோடு வருகிறீர்களா என்று ஆடி முடிவதற்குள் அவருக்குத் தமிழில் எழுதித் தெரிவியுங்கள். போனில் சொல்ல வேண்டாம்.